கோகிலா டீச்சரின் கையெழுத்துப் பலகை

இடது கை, குளிர்பான டப்பாவிலிருந்து வெட்டியெடுத்த மெல்லிய அலுமினியத் துண்டைப் பிடித்திருக்கிறது. வலது கை ஆலன் கீயைப் போட்டு போல்ட்டை அரைச் சுற்று தளர்த்துகிறது. இரும்பு ரெயில் லேசாக எழும்பியதும் துண்டு அதற்கடியில் நுழைகிறது, போல்ட் இறுகுகிறது. பிறகு விரல்கள் மட்டம் பார்க்கும் டயல் கேஜை ரெயிலின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மெதுவாகத் தள்ளுகின்றன. பாதி வழியில் முள் ஒரு கோடு சாய்ந்து திரும்புகிறது. கைகள் சலித்துக்கொள்ளவில்லை. போல்ட்டை மறுபடியும் தளர்த்துகின்றன.

"இன்னும் நேராகலியா?" உள்ளேயிருந்து ஒரு குரல்.

"நேராத்தான் கீது. முள்ளு ஒத்துக்க மாட்டேங்குது."

"முள்ளு சொல்றத கேளுங்க. நான் சொன்னாத்தான் கேக்க மாட்டீங்க."

சம்பத் சிரித்துக்கொண்டே அலுமினியத் துண்டை வெளியே இழுத்து, அதைவிடக் கொஞ்சம் சின்னதாக வேறொன்று வெட்டினார்.

முடிச்சூரில் அவர்கள் வீட்டு முன்பக்கம் கார் நிறுத்துவதற்கென்று விட்ட இடம் அது. கார் வரவில்லை, மேசை வந்தது. மழைக்காலத்தில் அந்த இடத்தில் தண்ணீர் ஏறும் என்பதால் மேசைக்குக் கால்கள் உயரம். அதன் மேல்தான் சம்பத்தின் மிஷின் உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டரில் வரைந்த கோட்டின் வழியே கட்டரை ஓட்டி மரத்தைச் செதுக்கும் மிஷின். சி.என்.சி. ரவுட்டர் என்பார்கள். கடையில் வாங்கியதல்ல. ரெயில்கள் குரோம்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தவை. மோட்டார்களும் அவற்றை ஓட்டும் போர்டும் ரிச்சி தெருவிலிருந்து வந்தன. கட்டரைத் தாங்கிக் குறுக்கே நிற்கும் பாலத்தின் இரண்டு பக்கத் தகடுகளை அவரே அறுத்து, அரம் போட்டு, ஒன்றோடொன்று பொருந்தும்வரை ராவி எடுத்திருந்தார்.

சம்பத் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை. அங்கே பெரிய சி.என்.சி. மிஷின்கள் வரிசையாக நிற்கின்றன. ஏதாவது ஒன்று நின்றுபோனால் இவரைக் கூப்பிடுவார்கள். மறுபடி ஓடத் தொடங்கியதும் அனுப்பிவிடுவார்கள். அது என்ன செய்கிறது என்று நின்று பார்க்க நேரம் இருக்காது. ஒரு மிஷினை முதல் போல்ட்டிலிருந்து தன் இஷ்டத்துக்குக் கட்டி, தானே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. அந்த ஆசைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமைகள் போய்க்கொண்டிருந்தன.

எதிர் வீட்டு தோத்தாத்ரி சார் நடைப்பயிற்சிக்குப் போகும்போது கேட்டருகே நிற்பார். "என்ன சம்பத், மிஷினுக்கு எப்போ கிரகப்பிரவேசம்? பத்திரிகை வைக்க மறந்துடாதேயும்" என்பார்.

"வெக்கறேன் சார். மொய்யோட வாங்க."

இதை வைத்து என்ன செய்வீர்கள் என்று யாராவது கேட்டால் கதவில் டிசைன், பூஜை ரூமுக்குக் கண் கண்ணாகத் துளை விட்ட ஜாலி, போட்டோவுக்கு ஃபிரேம் என்று சம்பத் அடுக்குவார். மனைவி கோகிலவாணி அதைக் கேட்டுக்கொண்டே போய், "மொதல்ல பாத்ரூம் கதவுக்கு ஒரு கொக்கி போடுங்க" என்பார்.

கோகிலவாணி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. சொந்த ஊர் கோவிலம்பாக்கம். அப்பா வேதாசலம் அங்கே நெல் போட்டவர். பிற்பாடு நிலம் மனைகளாகிப் போனது. கல்யாணத்துக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவர் கோகிலவாணி. பள்ளிக்கூடத்தில் மட்டுமல்ல, முடிச்சூரில் காய்கறி வண்டிக்காரருக்கும் அவர் கோகிலா டீச்சர்தான்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், ஒன்றாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து சாக்பீஸ் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. பக்கவாதம். சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பேச்சு திரும்பிவிட்டது. நடையில் ஒரு சிறு இழுப்பு மட்டும் தங்கியது. வலது கைதான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. டம்ளரைப் பிடித்தது. பிடித்த டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் காதுப்பக்கம் கொண்டுபோனது.

மருத்துவ விடுப்பு கோடை விடுமுறையோடு போய்ச் சேர்ந்தது. ஜூனில் பள்ளி திறக்கும். வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாடத்தை வாயால் நடத்தலாம், கரும்பலகையில் எழுத இன்னொருவர் உதவுவார். எல்லாவற்றுக்கும் வழி இருந்தது, ஒன்றைத் தவிர. காலையில் பள்ளிக்குள் நுழைந்ததும் ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். தலைமையாசிரியர் நல்ல மனுஷி. போனில் பேசும்போது, "அதுக்கா கவலைப்படுறீங்க டீச்சர்? இடது கை பெருவிரல் ரேகை வெச்சாப் போதும். நான் மேல எழுதி அனுமதி வாங்கி வெக்கறேன்" என்றார். உதவியாகத்தான் சொன்னார். கோகிலா டீச்சர் போனை வைத்துவிட்டு வெகுநேரம் சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை.

அப்புறம் கணவரிடம் சொன்னார். "'அ' எழுத எத்தினி புள்ளைங்க கையைப் பிடிச்சிருக்கேன்! அந்தப் புள்ளைங்க எதுர்ல நான் கைநாட்டு வெக்கணுமா? கையெழுத்து போட முடிஞ்சா போறேன். இல்லாட்டி வேலைய எழுதிக் குடுத்துட்டு வூட்லயே இருக்கேன்."

இடது கையால் பழகிப் பார்க்கலாமே என்றார் சம்பத். டீச்சர் பார்த்தார். கிறுக்கலாக ஒரு பெயர் வந்தது. அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இது யாரோ போட்ட கையெழுத்து" என்று தாளைக் கசக்கிப் போட்டார்.

கைக்குப் பயிற்சி கொடுக்க வந்துகொண்டிருந்தவர் வினிதா. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில் வேலை பார்ப்பவர். வட்டமும் கோடும் பள்ளமாக வெட்டிய பிளாஸ்டிக் பலகை ஒன்றைக் கொண்டுவந்தார். பள்ளத்தில் குச்சியை வைத்து, அது போகிற வழியே கையை ஓட்ட வேண்டும்.

"பள்ளம் இருந்தா கை தப்பாதுக்கா. தெனமும் அதே வழில போய்ப் போய் வந்தா, அப்புறம் பள்ளம் இல்லாட்டியும் கைக்கு வழி தெரிஞ்சிடும்."

"எத்தினி நாளைக்கு முட்டை போட்டுக்கினு இருக்கறது வினிதா? எனக்கு என் பேரு வேணும்."

"உங்க கையெழுத்தே பள்ளமா இருந்தா ரொம்ப நல்லதுதான். அதுக்கு எங்கக்கா போறது?"

கேட்டருகே உட்கார்ந்து ரெயிலைத் துடைத்துக்கொண்டிருந்த சம்பத் துணியைக் கீழே வைத்தார். அன்றோடு ஜாலி, ஃபிரேம் எல்லாம் அவர் பேச்சிலிருந்து போய்விட்டன. மிஷினுக்கு ஒரே வேலை. ஜூன் வருவதற்குள் அது ஒரு கையெழுத்தை வெட்ட வேண்டும்.

பொறுமையில்லாமல் முதலில் உளியை எடுத்து ஒரு 'கோ'வை வெட்டிப் பார்த்தார். பார்வைக்கு நன்றாக இருந்தது. ஆனால் உளி பட்ட இடமெல்லாம் சிறு சிறு படிகள். குச்சி ஒவ்வொரு படியிலும் தடுக்கியது. ஏற்கெனவே தடுமாறும் கைக்கு அது ஆகாது. பள்ளத்தின் அடி உருண்டையாக, ஓரம் வழுவழுப்பாக, ஆழம் எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு மிஷின்தான் சரி.

ஆனால் மிஷின் இன்னும் மிஷினாகவில்லை. ரெயில்கள் ஒருவழியாக நேரானதும் பாலத்தை ஏற்றினார். மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் முந்திக்கொண்டு நின்றது. இறக்கி, தகட்டை மறுபடி ராவி ஏற்றினார். மோட்டார்களை இணைத்து, ஒரு தக்கை மரத்தில் வட்டம் போடச் சொன்னார். முட்டை வந்தது.

கோகிலா டீச்சர் கிட்டே வந்து பார்த்தார். "அடடா, என் கிளாஸ்மேட்டு" என்றார். பொங்கலுக்குப் பிறகு அந்த வீட்டில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

முட்டைக்குக் காரணம் சம்பத்துக்குத் தெரியும். பாலம் திசை திரும்பும்போது ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவே மயிரிழை ஆட்டம். அதைப் பேக்லாஷ் என்பார்கள். நட்டை இரண்டாக அறுத்து, நடுவில் ஸ்பிரிங் வைத்து, இரண்டு பாதியும் மரையின் இரண்டு பக்கமும் எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும்படி செய்தார். அடுத்த வட்டம் வட்டமாக வந்தது. குறுக்கே ஒரு தரமும் நெடுக்கே ஒரு தரமும் அளந்தார். நம்பிக்கை வராமல் சாய்வாகவும் அளந்தார்.

அடுத்து எழுத்து. கம்ப்யூட்டரில் இருக்கும் எழுத்துருவைக் கொடுத்தால், மிஷின் எழுத்தின் விளிம்பைத்தான் வெட்டியது. ஒவ்வொரு கோடும் இரண்டு கோடாக, உள்ளே வெற்றாக நின்றது. அதில் எந்தக் குச்சியும் போக முடியாது. தவிர, அது டீச்சரின் எழுத்தும் அல்ல. டீச்சரின் எழுத்துக்காக சம்பத் வீட்டைத் தேடினார். பள்ளி, பாங்கு சம்பந்தப்பட்ட வேலைகளை எல்லாம் டீச்சர் தானே பார்த்துக்கொள்பவர். அந்தக் காகிதங்கள் இருக்கும் பெட்டியை சம்பத் ஒருநாளும் தொட்டதில்லை, அன்றைக்கும் தொடத் தோன்றவில்லை. சமையலறையில் கிடைத்தது. உறவினர் வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினால் டப்பா திரும்பி வர வேண்டுமே என்று மூடியில் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தார்: கோகிலவாணி. இனிஷியல் இல்லை. அதற்கென்ன, 'சர்க்கரை' என்று எழுதிய டப்பா பக்கத்திலேயே இருந்தது. அதிலிருந்து 'ச'வை எடுத்துக்கொண்டார்.

இரண்டையும் படம் பிடித்து, பெரிதாக்கி, எழுத்தின் நடு வழியே ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டு போனார். கை எந்த இடத்தில் தொடங்கி எந்தப் பக்கம் திரும்புமோ அதே வரிசையில். கட்டரும் அந்த வழியிலேயே போக வேண்டும் என்பது அவர் கணக்கு. வெட்டிய பிறகு பள்ளம் பள்ளம்தான், எப்படிப் போனால் என்ன என்று வினிதா கேட்டார். "போற வழி சரியா இருக்கட்டுமேம்மா" என்றார் சம்பத்.

வெட்டுகிற அன்று கோகிலா டீச்சர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மிஷின் எதிரில் உட்கார்ந்தார். ரப்பர் மரப் பலகை. உருண்டை முனை கட்டர் இறங்கி, 'ச'வைப் போட்டுவிட்டு, 'கோ'வின் கொம்புச் சுழியைச் சுற்றி, மேலேறி வளைந்தது. மரத்தூள் இரண்டு பக்கமும் ஒதுங்க, எழுத்து பின்னாலேயே திறந்துகொண்டு வந்தது. அவசரமில்லாமல், நடுக்கமில்லாமல் அது முழுப் பெயரையும் எழுதி முடித்தது.

டீச்சர் வலது கையை இடது கையால் மடியில் பிடித்துக்கொண்டிருந்தார். "என் கையெழுத்த ஒரு மிஷினு போடுது. எவ்ளோ சுளுவா போடுது" என்றார்.

சம்பத் மிஷினை நிறுத்திவிட்டு, தூளை ஊதுவதுபோலக் குனிந்துகொண்டார்.

நைலான் தண்டில் தடித்த பேனா ஒன்றைக் கடைந்து, பலகையோடு கொடுத்தார். டீச்சர் தினமும் காலையும் மாலையும் உட்கார்ந்தார். முதலில் பேனா பள்ளத்தைவிட்டு ஏறி ஏறி ஓடியது. மெல்ல மெல்லப் படிந்தது. கோ ஓடியது. கி-யின் மேல்வளைவில் நின்று யோசித்துவிட்டு ஓடியது. 'ணி' வரை தடங்கலில்லாமல் போகத் தொடங்கியபோது வினிதா கைதட்டினார்.

ஆனால் 'ச' மட்டும் வரவில்லை. பேனா அங்கே இறங்குவதற்கு முன்னால் மரத்துக்கு மேலேயே ஒரு சின்னச் சுற்றுச் சுற்றியது. இறங்கினாலும் கோட்டின் வழியே போகாமல் பக்கவாட்டில் முட்டியது. ஒவ்வொரு முறையும் அங்கே தடுக்கி, டீச்சருக்கு வேர்த்து, அந்தத் தடுமாற்றம் பெயரையும் கெடுத்தது.

சம்பத் அதை மிஷின்காரராகத்தான் பார்த்தார். மூலை கூர்மையாகிவிட்டது, அங்கே பேனா மாட்டுகிறது என்று மூலைகளை உருட்டி வேறு பலகை வெட்டினார். சுற்றுவது நிற்கவில்லை. ஆழம் போதவில்லை என்று இன்னொன்று வெட்டினார். பேக்லாஷ் திரும்ப வந்துவிட்டதோ என்று நட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கை மாற்றி, டயல் கேஜ் வைத்துப் பார்த்தார். முள் அசையவேயில்லை. மிஷினில் ஒரு குறையும் இல்லை என்று முள் சொன்னது. அவர் அதை நம்பாமல் மறுபடியும் கழற்றினார்.

"விடுங்க. என் கைதான் சரியில்ல" என்றார் டீச்சர்.

"பேரு வருதில்ல? அப்ப கை சரியாத்தான் கீது. 'ச'ல எதோ தப்பு."

டீச்சர் எதையோ சொல்ல வாயெடுத்து, பலகையின் ஓரத்தை அவர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்த வழுவழுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டார்.

பள்ளி திறக்கச் சில நாட்களே இருந்தபோது ஜான்சி டீச்சர் பார்க்க வந்தார். கோகிலா டீச்சர் வகுப்புக்குப் பக்கத்து வகுப்பு அவருடையது. சத்தமாகப் பேசி சத்தமாகச் சிரிப்பவர். பலகையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணா, நீங்களா செஞ்சது? கடையில வாங்கினது மாதிரியே கீது! ஆமா, இது இன்னா 'ச'?"

"சம்பத்துக்கு ச."

"அய்ய, அவங்க எங்கண்ணா 'ச' போட்டாங்க? ரெஜிஸ்டர்ல நாங்க ரெண்டு பேரும் மேலயும் கீழயும்தான் போடுவோம். அவங்க போடறது 'வே'. வே. கோகிலவாணி. சர்வீஸ் பூரா அதானே!"

சம்பத் மனைவியைப் பார்த்தார். கோகிலா டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். ஜான்சி டீச்சர் இருவரையும் பார்த்துவிட்டு, "நான் காபி போடறேன். சர்க்கரை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்று உள்ளே போனார்.

"இத்தினி வருஷமா உங்கப்பா பேர்லயா கையெழுத்து போட்டுக்கினு இருந்த?"

"வேலைக்குச் சேரும்போது அதுதானே என் பேரு? சர்டிபிகேட்டு எல்லாம் அதுல இருக்கு. மாத்தல."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"ஏன், நீங்க உங்கப்பா பேர்லதானே போடறீங்க? நான் கேட்டனா?"

சம்பத்தின் பார்வை பலகையில் இருந்த 'ச'வுக்குப் போனது. கே. சம்பத். அப்பா கன்னியப்பன். தொழிற்சாலையிலும் பாங்கிலும் ரேஷன் கடையிலும் அவர் போடுவது அதைத்தான். அதை யாரும் இதுவரை ஒரு கேள்வியாகக் கேட்டதில்லை. உள்ளே ஜான்சி டீச்சர் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைத்தார்.

"அது இருக்கட்டும். பலகைய குடுத்த அன்னிக்கே தப்புன்னு சொல்லியிருக்கலாம் இல்ல? மூணு 'ச' வெட்டினேனே."

"எப்படிச் சொல்றது? அவ்ளோ ஆசையா செஞ்சீங்க. உங்க பேர வேற போட்டுக் குடுக்கறீங்க. சரி, கையை மாத்திக்கலாம்னு பாத்தேன்." டீச்சர் தன் வலது கையைப் பார்த்தார். "இது மாத்திக்க மாட்டேங்குது."

அப்போதுதான் சம்பத்துக்குப் புரிந்தது. 'ச' ஒரு நேர்கோட்டில் தொடங்குகிறது. 'வே' கொம்பின் சுழியில் தொடங்குகிறது. அந்தக் கை பேனாவை எடுத்ததும் காற்றில் சுற்றியதே, அது தடுமாற்றமல்ல. அது கொம்பு. பதிவேட்டைத் திறந்ததும் போட்டுப் பழகிய கொம்பை, பள்ளமே இல்லாத இடத்தில் அது போட்டுக்கொண்டிருந்தது. இவர் அதை நிறுத்துவதற்காக நட்டைத் திருகிக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். 'வே'க்கு வேண்டியதெல்லாம் பெயரிலேயே இருந்தது. 'கோ'விலிருந்து கொம்பை எடுத்து, 'வாணி'யிலிருந்து 'வ'வை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இது ஒட்டுப் போட்ட மாதிரி கீது. நான் இப்படிப் போட மாட்டேன். கொம்பும் 'வ'வும் ஒரே ஓட்டமா வரும்."

"எப்படி வரும்? காட்டு."

காட்டுவதற்குத்தானே கை இல்லை. சம்பத் எழுந்து போய் ஒரு அகலமான தட்டில் ரவையைக் கொட்டிப் பரப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "பேனா வேணாம். வெரலால போடு. உன் கை எப்படிப் போவுதோ அப்படியே."

டீச்சர் வலது கையின் ஆள்காட்டி விரலை ரவையில் வைத்தார். கை நடுங்கியது. நடுங்கிக்கொண்டே ஒரு சுழி சுற்றி, மேலேறி, இரட்டைக் கொம்பாக வளைந்து, எடுக்காமலேயே 'வ'வுக்குள் இறங்கி நின்றது. முதல் சுழி இருக்க வேண்டியதைவிடப் பெரிது. 'வ' ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஆனால் அது 'வே'. ஒரே ஓட்டமான 'வே'.

சம்பத் மேலிருந்து படம் பிடித்து, அதன் மேல் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போனார். நடுக்கம் விழுந்த இடங்களை வழக்கம்போல நீவினார். அதோடு நிற்காமல் சுழியைச் சின்னதாக்கப் போனது கை. பக்கத்தில் நின்ற டீச்சர், "அத அப்படியே வுடுங்க" என்றார்.

"கொஞ்சம் பெருசா கீதே."

"இருக்கட்டும். இப்ப அவ்ளோதான் வருது."

வாழ்நாள் முழுக்க ஒரு கோட்டுச் சாய்வைக்கூட விட்டுவைக்காதவர் அந்தச் சுழியை விட்டுவைத்தார். 'வ'வின் சாய்வையும் தொடவில்லை.

சனிக்கிழமை காலை புதுப் பலகையை ஏற்றினார். கட்டர் பெரிய சுழியில் இறங்கி, தூக்காமலேயே சாய்ந்த 'வ'வைப் போட்டு முடித்து, மேலே எழும்பி நகர்ந்து ஒரு புள்ளிக்கு இறங்கி ஏறியது. பிறகு பெயருக்குப் போனது. முடிந்ததும் பள்ளத்துக்குள் உப்புத்தாளைச் சுருட்டி விட்டுத் தேய்த்தார். மெழுகு தடவி, துணியால் துடைத்தார். தன் விரலை வைத்து ஒருதரம் ஓட்டிப் பார்த்தார். எங்கும் தடுக்கவில்லை.

கோகிலா டீச்சர் கூடத்தில், திங்கட்கிழமைக்கென்று எடுத்து வைத்த புடவையை ஒற்றைக் கையால் மடித்துக்கொண்டிருந்தார். சம்பத் வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, தூள் ஒட்டிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"இந்தா, வேதாசலம் பொண்ணு" என்று பலகையை நீட்டினார்.

டீச்சர் புடவையைக் கீழே வைத்துவிட்டு, வலது கையை முன்னால் நீட்டி, இடது கையை அதற்குத் துணையாகக் கொடுத்து, பலகையை வாங்கிக்கொண்டார்.